கொள்ளிக்குடம்

அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் குணசீலன் அந்தக் கலவையைக் கண்டுபிடித்தான். கீறல் விழாமலிருக்கக் களிமண்ணை நானோத் தூளாக்கிப் பிளாஸ்டிக்கில் கலந்தான். விரிசல் ஓடாமலிருக்கக் கண்ணாடி இழைகளைச் சேர்த்தான். அதில் செய்த தண்ணீர்க் குடம் அம்மா கையிலிருந்து தினமும் நழுவியது, ஒருநாளும் உடையவில்லை. உருண்டு போகும்போதெல்லாம், "சீலா, எடுத்துக் குடுடா" என்று கூப்பிடுவாள். சில வருஷங்களில் ஊரில் வேறு குடம் விற்பதே நின்றுபோனது.

இன்று சுடுகாட்டில் அவன் தோளில் ஏற்றியதும் அதே குடம்தான்.

"மண்குடம் இல்லாம எப்படி மாமா?"

"இதுலயும் மண்ணு கலந்திருக்குன்னு நீதானடா சொன்ன? அது போதும், சுத்து" என்றார் தாய்மாமன் சபாபதி.

குணசீலன் அம்மாவின் சிதையைச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஓட்டை போட வேண்டிய மயான ஊழியர் அரிவாள் நுனியால் கொத்தினார். நுனிதான் மழுங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லை. அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"பரவால்ல தம்பி, பின்னால போட்ருங்க. திரும்பிப் பாக்காம கொள்ளிய வச்சிட்டுப் போயிருங்க."

சிதைக்கு முதுகு காட்டி நின்று குடத்தை விட்டான். உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். குடம் தரையில் துள்ளியது, மறுபடியும் துள்ளியது. பிறகு உருண்டு வந்து அவன் குதிகாலில் மெல்ல இடித்து நின்றது.

"திரும்பாதடா!" என்று மாமா கத்தினார்.

அதற்குள் குணசீலன் திரும்பிக் குனிந்து, குடத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டியிருந்தான்.