எக்ஸ்போர்ட் குக்கர்

அந்தத் தீபாவளிக்கு என் பனியன் யூனிட் ஆட்களுக்கு நான் கொடுத்தது இருபது குக்கரா, இருபத்திரண்டா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமராவதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புகூட நானாகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

கேன்சலான எக்ஸ்போர்ட் சரக்கு என்று ஒரு புரோக்கர் கொண்டுவந்தான். அமெரிக்காவுக்குப் போகவேண்டிய கரண்ட் குக்கர், கால் விலை. எங்கள் ஊரில் எக்ஸ்போர்ட்டில் தங்கிப்போன பனியன் என்றால் எங்காவது ஒரு தையல் பிசகியிருக்கும், மற்றபடி உள்ளூர்ச் சரக்கைவிட உசத்தி. குக்கரையும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன்.

கொடுப்பதற்கு முதல் நாள் வீட்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஐந்தே நிமிடத்தில் அரிசி கருகி, அடியிலிருந்து புகை வந்து, மெயின் டிரிப்பானது. கவிழ்த்துப் பார்த்தால் நூற்றிருபது வோல்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நம் ஊர்க் கரண்ட் ஏறக்குறைய அதற்கு இரண்டு பங்கு.

புரோக்கர் போனை எடுக்கவில்லை.

"ஏனுங்க, நாளைக்கு வெறுங்கையோட நிக்கப்போறீங்களா?" என்றாள் என் மனைவி ஜெயபாரதி. "அவங்கூட்டுல போய்ப் பொகைஞ்சா வயரிங் சரியில்லைன்னு நெனைச்சுக்குவாங்க. உங்களை ஆருங்க கேக்கப்போறா?"

மறுநாள் பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

லீவு முடியும்வரை போன் அடித்தாலே யார் வீட்டில் தீப்பிடித்ததோ என்றுதான் எடுத்தேன். ஆனால் எல்லோரும் திரும்பி வந்தார்கள். யாரும் குக்கரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அமராவதி என் யூனிட்டில் ஒன்பது வருடமாகச் செக்கிங் பார்ப்பவள். பீஸ் கைக்கு வந்ததும் முதலில் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் துணியை விரிப்பாள். ஒருநாள் டீ டைமில் அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"குக்கரு எப்படி இருக்குது அம்மிணி?"

"புதுசாட்டவே இருக்குதுங்ணா."

பக்கத்தில் இருந்த, அவளோடு செக்கிங் பார்க்கும் மாரக்காள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கூட்டுதுல ஒரு கீறல்கூட உழுகுலீங்க" என்று சிரித்தாள்.

அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கரண்ட் எப்போதும் குறைவாகத்தான் வரும், அதனால் தப்பித்துவிட்டது என்று என்னை நானே நம்பவைத்தேன். பொங்கல் முடிந்து மாரக்காள் வேலையை விட்டு நின்றாள். அவள் பின்னாலேயே இன்னும் நான்கைந்து பேர். பக்கத்து யூனிட்காரன் ஆளை இழுக்கிறான் என்று எரிந்து விழுந்தேன். அமராவதி மட்டும் இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் தாமதமாக வந்தாள். கூடவே மகள் கவிப்பிரியா. குழந்தையின் வலது கையில் முழங்கைவரை வெள்ளைத் துணிக்கட்டு.

அவள் சொல்வதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"குக்கரா அம்மிணி? தப்பு என்னுதுதான். நம்மூரு கரண்டுக்கு ஆகாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அமராவதி என்னைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"சைக்கிள்ல இருந்து உழுந்துட்டாளுங்ணா" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர நேரமாயிருச்சுன்னு சொல்லத்தான் வந்தேன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குக்கரை ஒருத்தரும் பிளக்குல போடலீங்க. குடுத்த அன்னைக்கே நான் அடியில போட்டிருந்ததைப் படிச்சுட்டு எல்லார்த்தையும் நிறுத்திப்போட்டேன். சொன்னா உங்க மனசு சங்கடப்படும்னு உங்ககிட்ட சொல்லலை."

பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தாருன்னு மாரக்காள் சொன்னா. எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு அவகூடப் பேச்சை உட்டுட்டனுங்ணா."

கவிப்பிரியாவின் கை ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. மாரக்காள் பல்லடம் ரோட்டில் வேறு யூனிட்டில் இருக்கிறாள். அமராவதியும் என்னிடம் பேசிய மறுநாளிலிருந்து அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.