கதவிடம் சொன்ன சொல்

அந்தத் திறந்தவெளிச் சிறைக்கு மதில் கிடையாது. சொல்லைக் கேட்டுத் திறக்கும் ஒரு கதவுதான் காவல். கடலைக்காட்டு வேலைக்குக் கிளம்புகிறவன் தினமும் அதன்முன் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பாவிட்டால் மறுபடி பெரிய ஜெயில்தான். விடுதலையாகிறவன் மட்டும் "போறேன்" என்று சொல்ல வேண்டும். கதவிடம் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்; மாற்றுவதற்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

பல வருடம் கழித்து அன்று தவசிக்கு விடுதலை. சமையல்கட்டில் அவனோடு களி கிண்டிய இருளப்பன் கதவுவரை வந்தார்.

"போறேன்னு மட்டும் சொல்லுடா. பழக்கதோஷத்துல வாய் தவறிடாத."

"சரிண்ணே."

இருளப்பன் ஆயுள்கைதி. அவருக்கென்று வெளியே யாருமில்லை. அந்த முகத்தைப் பார்த்து, சாகப்போகிறவனைப் போல "போறேன்" என்று சொல்லத் தவசிக்கு நாக்கு எழவில்லை.

"போயிட்டு வரேண்ணே" என்றான்.

கதவு அகலத் திறந்தது. "நன்றி, தவசி. மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிடவும்" என்றது, வழக்கம்போல.

இருளப்பன் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் மனைவி பொன்னுத்தாய் புதுச்சட்டையோடு நின்றிருந்தாள். தவசி அண்ணாந்து வெயிலைப் பார்த்தான்.

"ஏ புள்ள, ஊருக்குப் போயிட்டு சாயங்காலத்துக்குள்ள திரும்பி வர பஸ் இருக்கா?"