பஸ் யாருக்காகவும் நிற்காது

“எண்ணவே வேண்டாம்மா. வராதது யாருன்னு பஸ்ஸுக்கே தெரியும்” என்றபடி, கைடு பெண்ணின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார் டிப்ஸ் மாமா.

“வேற யாரு? லேட்டுதான்” என்றது பஸ், ஒரே குரலில்.

வெளியே மழை. வெளிநாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து விடாத மழை. பார்க்க வந்த கோபுரங்களில் பாதியை மூடுபனி மறைத்தது, மீதியை முன்னால் நின்றவரின் குடை மறைத்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, யார் மீதாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. வாகாகக் கிடைத்தவர்தான் ‘லேட்டு’ என்று அவர்களே பட்டப்பெயர் வைத்திருந்த மனிதர்.

ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தனியாக வந்திருந்தார். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கடைசி ஆளாகப் படியேறுவார். ஏன் என்று கேட்டால், “பராக்குப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன், மன்னிச்சுக்குங்க” என்பார். அந்த மழையில் அப்படி என்ன பராக்கோ.

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் இப்படித்தான் உங்களுக்காகக் காத்துக் கிடக்குமா?” என்று மாமா ஒருநாள் மைக்கிலேயே கேட்டார்.

“பிள்ளைங்க எங்க சார் காத்திருக்கும்? நான்தான் காத்திருப்பேன்” என்று சிரித்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார் அவர்.

மாமாவுக்கு இது ஐந்தாவது வெளிநாட்டுப் பயணம். மைக் பாதி நேரம் அவர் கையில்தான். “புது ஷூ போட்டுக்கிட்டு வராதீங்க, பழசுதான் கடிக்காது.” “குடை வேண்டாம், காத்துல மடங்கிடும். மழைக்கோட்டு வாங்குங்க.” சொன்னவரின் குடை முதல் நாளே மடங்கி, குப்பைத் தொட்டிக்குப் போனது வேறு விஷயம். “குடும்பத்துக்கு ஒரு சிம் போதும். ஒண்ணாதானே சுத்தப் போறோம்?” “எல்லாத்துக்கும் மேல, பாஸ்போர்ட் இருக்கற பை. அதைக் கண்ணு முன்னாடியே வெச்சுக்கணும்.”

அதனால் முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்து சீட் அவருடைய பைக்கு. அவர் மனைவிக்கு மிச்சம் கிடைத்தது கடைசி வரிசையில் ஒரு மூலை.

முதல் நாள் கடைசியாக வந்தது அந்த அம்மாதான். மூட்டு வலி, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய உடம்பு, போன இடத்தில் நீண்ட வரிசை. மாமா விடவில்லை. “என் சம்சாரமாவே இருந்தாலும் ரூல் ரூல்தான்” என்று மைக்கை நீட்டினார். பஸ்ஸின் நடுவில் நின்று அந்த அம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தது. எல்லோரும் குனிந்து அவரவர் ஈர ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கடைசியாக வந்ததே இல்லை.

“பாத்தீங்களா? ஒரு தடவைதான் சொன்னேன், திருந்திட்டா. இந்த ஸ்கூல் பஸ் டிரைவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் உறைக்கல” என்று மாமா அதையும் டிப்ஸில் சேர்த்துக்கொண்டார்.

இன்று கடைசி நாள். இன்னும் பார்க்க மிச்சமிருந்தது ஏரி மட்டும்தான். அதிலும் அன்றைய கடைசிப் படகு. அதையும் விட்டால் மழையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

“அவர் ஒருத்தருக்காக நாம எல்லாரும் படகை விடணுமா? எடுக்கச் சொல்லும்மா” என்றார் மாமா.

“மழையில தனியா விட்டுட்டுப் போறது…” என்று கைடு பெண் தயங்கினாள்.

“டாக்ஸில வரட்டும். அப்பதான் புத்தி வரும். வெளிநாட்டுல பஸ் யாருக்காகவும் நிக்காது. எல்லாரும் குறிச்சுக்குங்க, இதுதான் என்னோட கடைசி டிப்ஸ்.”

இரண்டு பேர் கைதட்டினார்கள். பஸ் கிளம்பியது. மனசு உறுத்தியவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெரிய சாலைக்கு வந்ததும் கைடு பெண்ணின் போன் அடித்தது. “அவர்தான் அங்கிள்.”

“மைக்குல வைம்மா. கேக்கற மன்னிப்பை எல்லாரும் கேக்கட்டும்.”

அவள் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். முதலில் மழைச் சத்தம் வந்தது. பிறகு பள்ளிக்கூட பஸ் டிரைவரின் நிதானமான குரல்.

“பஸ்ஸைத் திருப்பிடாதீங்கம்மா, படகு போயிடும். நாங்க டாக்ஸி பிடிச்சு வந்துடறோம்.”

“நாங்கன்னா? கூட யாரு சார் இருக்காங்க?”

“முன் சீட்டு சாரோட வீட்டம்மா. பாத்ரூம்ல இன்னிக்கும் பெரிய வரிசை. கால் வேற வீங்கிப்போச்சு, மெதுவாதான் நடக்கறாங்க.”

மாமா திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசை காலியாக இருந்தது. மூலையில் ஈரத் துப்பட்டா ஒன்று மட்டும் காயப் போட்டிருந்தது. அந்த அம்மாவின் பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருந்த பை மாமாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

“பாவம், சார் இந்நேரம் பதறிப்போய்த் தேடிக்கிட்டிருப்பாரு. பத்திரமா இருக்காங்கன்னு சொல்லிடுங்க” என்றது குரல். “அப்புறம், அவங்க கையில யாரும் மைக்கைக் குடுத்துடாதீங்க. எப்பவும்போல அவங்க முன்னாடி ஏறிடுவாங்க. லேட்டு நான்தான்.”