மூன்றாவது மணிக்கூடு

"தொழுகைக்கு வுழு எடுக்க, கை கால் கழுவக்குள்ள கழட்டவும் தேவல்ல காக்கா. அஞ்சு வக்தும் தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது," என்றபடி பர்ஹான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று ஸ்மார்ட் மணிக்கூடுகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

கல்முனை பிரதான வீதியில் இருக்கும் அவனுடைய கடையில் இந்த மூன்றுக்கும் தனி மரியாதை. ஒரே கம்பனி, ஒரே பெயர், ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று தலைமுறை. ஒன்றின் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கலாம். அதனால் தொட்டுப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். வாங்குகிற முகத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது சும்மா விட பர்ஹான் என்ன விசரனா?

வந்தவர் றவூப். மருதமுனைக்காரர், டோஹாவிலிருந்து லீவில் வந்திருந்தார். ஏசிக் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

"நாளாந்தம் கட்டுறதுக்கு இதுல எது நல்லம் தம்பி? எங்கட வாப்பா வேளாண்மைக்காரர். வயல் வட்டையும் காவல் வாடியும்தான்."

"மொத வந்தது நல்ல உருக்கு காக்கா, ஆனாப் பாரம். பின்னேரமாகக்குள்ள சார்ஜும் முடிஞ்சிரும். ரெண்டாவது மெல்லிசு. ஆனா நம்மட கடக்கர உப்புக் காத்துக்கு வார் வெளுத்துப் போகும். மூணாவதுதான் மாப்பிள்ள. டைட்டானியம். கையில கட்டினதே தெரியாது. வயல் சேத்துக்குள்ள உழுந்தாலும் கழுவிட்டுக் கட்டலாம்."

"மொத ரெண்டும் எனக்குத் தெரியும். நான்தான் வாங்கி அனுப்பின." றவூப் அவற்றை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "கட்டின ஆள் உழுந்தா நம்மட போனுக்கு அடிக்கும் எண்டாங்க. வயசான மனிசன், வட்டைக்குள்ள தனிய. அதுக்குத்தான் வாங்கின. வாப்பாட முழங்கால் ரெண்டும் ஏலாது. தொழுகையில சுஜூதுக்குக் குனியக்குள்ள ரெண்டு கையையும் தொப்பெண்டு ஊண்டித்தான் போறது. மணிக்கூடு அத உழுந்த கணக்குல எடுத்திட்டு."

பர்ஹான் சிரித்துவிட்டான். "அப்ப ஒவ்வொரு சுஜூதுக்கும் அடிச்சிருக்குமே."

"மொத நாள் எனக்கு டோஹால ஈரக்குல நடுங்கிட்டு. மச்சானுக்குப் போன் எடுத்து, அவர் சைக்கிள உட்டெறிஞ்சிட்டு வாடிக்கு ஓடி... வாப்பா சலாம் குடுத்துத் தொழுகைய முடிச்சிட்டு, 'மனிசன நிம்மதியாத் தொழவும் உடமாட்டீங்களாடா' எண்டு ஏசின ஏச்சு." றவூபும் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ரெண்டாவதும் அப்பிடித்தான், இடைக்கிட அடிக்கும். பிறகு பழகிட்டு. அடிச்சா, வாப்பா தொழுறாரு எண்டு மனசுக்கு ஒரு சந்தோசம்."

"பிறகென்ன காக்கா, மூணாவத எடுங்க."

"எனக்கு ஒண்டுதான் தெரிய வேணும் தம்பி. இதுவும் சுஜூதுக்கு அடிக்குமா?"

"அடிக்கவே அடிக்காது."

"அவசரப்படாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எப்பயாவது ஒருக்கா?"

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை இவர். பர்ஹான் மூன்றாவதை எடுத்துத் தன் கையில் கட்டினான். அதோடு இணைத்திருந்த போனை றவூபிடம் கொடுத்தான். தொழுகையை விளையாட்டாக்குகிறோமே என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு ஒரு தவ்பாவையும் சொல்லிக்கொண்டு, கடைக் கம்பளத்தில் தொப்பென்று கைகளை ஊன்றி, நெற்றி தரையில் பட சுஜூதுக்குப் போனான்.

போன் மூச்சுக் காட்டவில்லை.

"இன்னும் பாரமா தம்பி. வாப்பா கனத்த உடம்பு."

பாரமாகப் போனான். சத்தமில்லை.

"மணிக்கூடு கட்டின கைய மொதல்ல ஊண்டிப் பாருங்களேன்."

அதையும் செய்தான். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். போன் அடிக்காத ஒவ்வொரு தடவையும் றவூபின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் ஏன் இப்படி ஆகிறார் என்று பர்ஹானுக்கு விளங்கவில்லை. விலையைக் குறைக்கப் போடுகிற நாடகமாக்கும் என்று நினைத்தான். வெளிநாட்டுக்காரர்களின் கூத்து அவனுக்குப் புதிதில்லை.

"சரி, இப்ப மெய்யாவே உழுறன் பாருங்க," என்று எழுந்து நின்றவன், நெல் மூட்டை சரிவதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான்.

றவூபின் கையில் போன் அலறியது. மனிதர் ஆடிப்போனார். அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்த பர்ஹானுக்கு வென்றுவிட்ட பெருமை.

"பாத்தீங்களா காக்கா? மத்த ரெண்டும் பொய் சொல்லும். இது சொல்லாது. இது அடிச்சா ஆள் உழுந்துதான் கிடக்கும், கண்ண மூடிட்டு நம்பலாம். பில்லப் போடட்டா?"

றவூப் சட்டைப் பைக்குள் கையை விட்டார். காசு எடுக்கிறார் என்று பர்ஹான் பேனாவைத் தேடினான். ஆனால் கண்ணாடிமேல் வந்து இருந்தது இன்னொரு மூன்றாவது மணிக்கூடு. அதன் வாரில் வயல் சேறு காய்ந்து கிடந்தது.

"இதுவும் பொய் சொல்லும் எண்டு ஆராவது ஒராள் சொல்ல மாட்டாங்களா எண்டுதான் தம்பி, கடை கடையா ஏறி இறங்கிறன்," என்றார் றவூப். "வாப்பா கட்டி ஒரு கிழமையும் ஆகல்ல, அடக்கத்துக்கு மையித்தக் குளிப்பாட்டக்குள்ள கழட்டின. அண்டைக்கு அசர் தொழுற நேரம் எனக்கு அடிச்சது... சுஜூதுக்குப் போறாரு எண்டு நான் போன வெட்டி உட்டுட்டன்."