தூங்கி எழுந்தா சரியாயிடும்

“முக்கால் மணி நேரத்துல கூட்டிட்டு வந்துட்டீங்க. வலி இல்லாததால பல பேர் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துடுறாங்க,” என்றாள் நர்ஸ்.

கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் திடீரென்று அடைத்து, கணவருக்கு ஒரு கண் இருண்டிருந்தது. அவரை ஆக்சிஜன் அறைக்குள் படுக்கவைத்துக் கதவை மூடியிருந்தார்கள். மனைவி கண்ணாடி ஜன்னலை விட்டு நகரவில்லை.

“உள்ளே போற வரைக்கும் உங்களைத் திட்டிட்டே இருந்தாரே?”

“ஆபீஸ் மீட்டிங் கெட்டுப்போச்சாம். திட்டட்டும் சிஸ்டர். கண்ணு கிடைச்சா போதும்.”

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். டாக்டர் சிரித்தார்.

“வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்க சார்.”

“அட, இவ சும்மாவே ஊரைக் கூட்டுவா டாக்டர். மூணு வருஷம் முன்னாடி இவளுக்கும் இப்படித்தான் ஒரு கண்ணு மறைச்சுது. பேசாம படு, தூங்கி எழுந்தா சரியாயிடும்னேன். காலைல சரியாச்சான்னு கேட்டேன், ‘ம்’ன்னா. இல்லையாடி?”

மனைவி, படிவம் இருந்த மேசைப் பக்கம் திரும்பினாள்.

“இதுல கையெழுத்துப் போடுங்க,” என்று நர்ஸ் அவளுடைய வலது பக்கம் நின்று பேனாவை நீட்டினாள். மனைவி மேசைமேல் கையால் துழாவினாள்.

“பேனா எங்கே சிஸ்டர்?”

பேனா அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நர்ஸ் இடது பக்கம் வந்து நின்றாள்.

கணவர் அதைப் பார்த்தார். அவருக்குத்தான் இப்போது இரண்டு கண்ணும் தெரிகிறதே.