இசைத்தட்டின் மறுபக்கம்

"என் பாட்டை ஒரே ஒரு தடவை கேளுங்க ஐயா" என்று லாண்டு சொன்னதும், என் வீட்டுக்காரர் இலோங்கா கைகளைக் கட்டிக்கொண்டார்.

அவர் கையைக் கட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் லாண்டுவின் பெரியப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பீர் பெட்டி நடுவில் இருந்தது. பெண்ணின் அப்பா அதில் ஒரு பாட்டிலைத் திறந்தால் சம்மதம். திறக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான்.

கதவுத் திரைக்குப் பின்னால் என் கடைக்குட்டி கெத்சியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். லாண்டு இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று நேற்று முழுக்க என் மடியில் படுத்து அழுதவள்.

"பாட்டா அது? சிமெண்ட் வியாபாரி பேரு, சுங்க அதிகாரி பேரு, அவன் பொண்டாட்டி பேரு! ஆஸ்பத்திரியிலே நர்ஸ் பேர் கூப்பிடற மாதிரி" என்றார் இலோங்கா.

எங்கள் கின்ஷாசாவில் காசு கொடுத்தவர் பெயரைப் பாடகர்கள் பாட்டுக்கு நடுவே சத்தமாகச் சொல்வார்கள். கல் எறிவது என்று அதற்குப் பெயர். யார் தலையில் விழுந்தாலும் வலிக்காத கல்.

என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு பாட்டுதான் உண்டு. எங்கள் கல்யாண வருஷத்தில் இசைத்தட்டாக வந்தது. முதல் பக்கத்தில் மெதுவான பாட்டு. மறுபக்கத்தில் கித்தார்கள் வேகமெடுத்து, ஆட்டம் போடும் பகுதி. ஞாயிறுதோறும் முதல் பக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஊசியைத் தூக்கிவிடுவார்.

"இதோட பாட்டு செத்துப்போச்சு. இதுலே எவன் பேராவது வருதா பாரு" என்பார்.

இதே மனுஷர் இளவட்டமாக இருந்தபோது மறுபக்கத்துக்காக உயிரை விட்டவர். முதல் பக்கம் கிழவர்களுக்கு என்று கேலி செய்வார். துறைமுகத்தில் வேலை கிடைத்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்தன. தலை நரைக்க ஆரம்பித்ததும் முதல் பக்கம் மட்டும்தான் சங்கீதம் ஆகிவிட்டது.

லாண்டு ஒலிபெருக்கியை நாற்காலியின்மேல் வைத்துப் பாட்டைப் போட்டான். குரல் நன்றாகத்தான் இருந்தது. இலோங்கா மாங்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கித்தார் வேகமெடுத்தது. கற்கள் விழத் தொடங்கின. ஒரு துணிக்கடைக்காரர். ஒரு லாரி முதலாளி.

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டான்" என்று என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

"லெம்பா பேட்டையின் பெரிய மனுஷர், ஐயா இலோங்கா! அவர் நடந்தால் தெருவே எழுந்து நிற்கும்!" என்றது பாட்டு.

பிதுக்கிய உதடு அப்படியே நின்றுவிட்டது. கட்டிய கை அவிழ்ந்தது. வலது கால் தாளம் போட்ட வேகத்தில் செருப்பு பறந்து சித்தப்பாவின் நாற்காலிக்கடியில் போய் விழுந்தது. சித்தப்பா நல்ல மனுஷர், வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

"முதல்லேருந்து போடு. சரியா காதுலே விழலே" என்றார் இலோங்கா.

இந்தத் தடவை பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து ஒலிபெருக்கியை அவரே திருப்பி வைத்தார். பெயர் வரும் இடம் நெருங்கியதும் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று கையை உயர்த்தினார்.

"அந்தக் கித்தார்லே பழைய கை தெரியுது. பையன் முறையா கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்துப் பல்லாலேயே மூடியைக் கடித்துத் திறந்தார்.

திரைக்குப் பின்னால் கெத்சியா கூவிய கூவலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பாட்டுக்குள்ளே ஐயா இலோங்கா என்று வரும் இடத்தை முதலில் ஒரு சிமெண்ட் வியாபாரிக்குப் பேசி வைத்திருந்தான் லாண்டு. போன மாதம் அவன் ஒத்திகைக் கொட்டகைக்கே போய், "நீ கட்டிக்கப்போறது சிமெண்ட்காரர் பொண்ணையாடா?" என்று நான் கேட்டதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

அவர்கள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனபின் இலோங்கா ஒற்றைச் செருப்போடு கூடத்துக்குள் போனார். பழைய தட்டை எடுத்தார். முதல் பக்கத்தைப் போடுவார் என்று நினைத்தேன். திருப்பிப் போட்டார்.

எத்தனையோ வருஷம் கழித்து எங்கள் வீட்டில் மறுபக்கம் ஓடியது. கித்தார்கள் ஏறி வரும்போது பாடகன் கத்தினான்:

"கின்டாம்போ பேட்டையின் சிங்கம், ஐயா போலெங்கே!"

போலெங்கே என் அப்பா. இந்தத் தட்டில் பாடுகிற குழுவின் பாட்டை நாய்ச் சண்டை என்று சொன்னவர். அதன் பின்னால் அலைகிற ஊதாரிக்குப் பெண் தரமாட்டேன் என்று சாதித்தவர். இந்தத் தட்டு வந்த வாரம் சம்மதித்தார்.

அந்த ஒரு பெயருக்காக இலோங்காவின் சைக்கிள் விலைபோனது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலோங்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கப்பா எழுந்து ஆடவே ஆடிட்டாரு. நான் அப்படியெல்லாம் ஆடலியே."

நான் மாமரத்தடிக்குப் போய், சித்தப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியிலிருந்து செருப்பை எடுத்துவந்து அவர் காலருகே வைத்தேன்.