முதல் நாள் எடை

ஆறு கிலோ இளைத்துவிட்டார் என்று போன வாரம்தான் கைதட்டி வழியனுப்பினார்கள். இந்த வாரம் ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினால், முன்பு அங்கே எழுதிவைத்த பழைய எடையே நிற்கிறது. யார்தான் நம்புவார்கள்?

நர்ஸ் நம்பவில்லை.

"கூட்டத்துல கைதட்டு வாங்கிட்டு, நேரா மீன் வறுவல் கடைக்குப் போயிட்டீங்களா?" என்றாள்.

நெவில் தலையைக் குனிந்துகொண்டார். கிடங்கில் நின்று நின்றே தேய்ந்துபோன முழங்கால். எடையைக் குறைத்தால்தான் மாற்று மூட்டு வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். டாக்டரே சீட்டு எழுதி, அரசாங்கச் செலவில், ஓர் உடல் இளைப்புக் கம்பெனியின் வாரக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தார். ஆளை இளைக்க வைத்தால்தான் கம்பெனிக்குக் காசு என்று ஏற்பாடு.

இப்போது ஆபரேஷன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் டோரீன் பிடித்துக்கொண்டாள்.

"கட்டின பொண்டாட்டிகிட்டயாவது நிஜத்தச் சொல்லு நெவில். ஒளிச்சு வெச்சு எதைத் தின்ன?"

பாவம், மனிதர் உருளை வறுவலை விட்டார். சனிக்கிழமை பியரை விட்டார். பசித்தால் கம்பெனியே விற்கும் சத்து சாக்லேட் கட்டியைத்தான் தின்றார். எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். மீறியது ஒன்றே ஒன்று, பேத்தியின் பிறந்தநாள் கேக். ஒரு துண்டு கேக் ஆறு கிலோ ஏற்றுமா என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி, கூட்டம் நடக்கும் சர்ச் ஹாலுக்கு நொண்டிக்கொண்டே போனார். அரசாங்கச் செலவில் இன்னொரு தவணை கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் கூட்டத்தை நடத்தும் ட்ரூடி டாக்டருக்குப் பரிந்துரை செய்ய வேண்டும்.

ட்ரூடி அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தாள்.

"நாங்க இறக்கி அனுப்பினோம். நீங்க ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. கம்பெனி பேரு என்ன ஆகிறது?"

"ஓசியில வர்றவங்களுக்கு அருமை தெரியாது," என்றாள் காசு கட்டி வரும் ஓர் அம்மாள், எல்லார் காதிலும் விழும்படி.

செய்த தப்பைச் சபையில் ஒப்புக்கொண்டால் டாக்டரிடம் பேசுகிறேன் என்றாள் ட்ரூடி. அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். அறுபது வயது மனிதர் எழுந்து நின்று கேக் கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கக்கேட்டுக்குக்கூடக் கைதட்டுகிற கூட்டம் அது.

"குட். நாளைக்கே டாக்டர்கிட்ட பேசிடறேன். அப்படி ஓரமா உட்காருங்க."

உட்கார்ந்தார். அடுத்து, டாக்டர்கள் புதிதாக அனுப்பியவர்களுக்கு எடை பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் மாண்டி என்ற பெண். கூச்சத்தோடு கோட்டுப் பொத்தானில் கை வைத்தாள்.

"வேணாம் கண்ணு, இருக்கட்டும்," என்று தடுத்தாள் ட்ரூடி. "ஹால்ல குளிரும். பையும் தோள்லயே கிடக்கட்டும். கீழ வெச்சா தொலைஞ்சிடும்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

நெவில் நிமிர்ந்து பார்த்தார். ஜனவரியில் முதல் நாள் எடை பார்த்தபோது அவருக்கும் இதே கனிவுதான். கனத்த கோட்டு, கிடங்கில் போடுகிற இரும்பு முனை பூட்ஸ் எல்லாவற்றோடும் மெஷினில் ஏற்றினாள். தொப்பையைக் காட்டக் கூசிய அவர், "தங்கமான பொம்பளை" என்று அன்றைக்கு டோரீனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கடைசி வாரம் அதே தங்கம்தான் பெல்ட்டைக்கூட அவிழ்க்கச் சொன்னது.

இப்போது வாயைத் திறந்தால் பரிந்துரை போச்சு, முழங்காலும் போச்சு. பேசாமல் உட்கார்ந்திருந்தால் இந்தப் பெண்ணும் ஒரு நாள் எங்கேயோ தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"உட்காருங்க நெவில், உங்க விஷயம் முடிஞ்சிருச்சு," என்றாள் ட்ரூடி.

அவர் நொண்டிக்கொண்டே மெஷினருகே போய், மாண்டியிடம் கையை நீட்டினார்.

"கோட்டையும் பையையும் என்கிட்ட குடும்மா. இளைக்கப்போறது நீயா, இல்ல இதுங்களான்னு இப்பவே பாத்துரலாம்."